பதினோராம் வளைவில் படுத்த கோடு

தம்பி மகள் கல்யாணத்துக்காகக் கொரியாவிலிருந்து திருச்சிக்கு வந்தவள், பந்தலைப் பிரிப்பதற்குள் போடிநாயக்கனூருக்குக் கிளம்பினால் வீட்டில் சும்மா விடுவார்களா? "மூணு வருஷம் கழிச்சு வந்திருக்கே, நாலு நாள் ஒரு இடத்துல கால் தரிக்காதா உனக்கு?" என்று தம்பி கத்தினான். நானும் பதிலுக்குக் கத்தினேன். எங்கள் வீட்டில் பாசத்தை இப்படித்தான் காட்டிக்கொள்வோம்.

போடியில் எனக்குச் சொந்தபந்தம் யாரும் கிடையாது. என்னை அனுப்பியவள் கௌமாரி. ஆய்வுக்கூடத்தில் எனக்கு இரண்டு மேசை தள்ளி உட்காரும் போடிக்காரப் பெண், வயது முப்பத்திரண்டு, பிடிவாதம் அறுபது வயதுக்குரியது.

எங்கள் கூடத்தில் இருப்பது டோகமாக் என்கிற இயந்திரம். லாரி டயரைப் படுக்கப் போட்டாற்போல் வளைந்த பெரிய உலோகப் பாத்திரம். அதற்குள் சூரியனின் நடுவயிற்றைவிடச் சூடான வாயுவைக் காந்தத்தாலேயே கட்டி, சுவரில் படாமல் அந்தரத்தில் நிறுத்துவோம். என்றாவது ஒரு நாள் அதிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்பது எல்லோருடைய ஆசை. இருபது வருஷமாகப் பார்க்கிறேன், இன்றைக்கும் அது பற்றிக்கொள்ளும் கணத்தில் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் அந்தச் சூட்டுக்கு ஒரு கெட்ட பழக்கம். நன்றாக அடங்கி நிற்கும்போதுதான் அதன் ஓரம் வெடிக்கும். வெடித்து வெடித்துச் சுவரைத் தின்னும். ஓரத்தை வெடிக்காமல் பார்த்துக்கொள்ள கௌமாரி ஒரு கணினி நிரல் எழுதியிருக்கிறாள். அந்த ஓரத்தின் வெளிச்சத்தை அளக்கும் கருவி என்னுடையது.

வெள்ளிக்கிழமை அவளுடைய நிரலுக்குச் சோதனை. முப்பது விநாடி ஓரம் சொன்னபடி கேட்டால் அவளுக்கு இன்னும் மூன்று வருஷ வேலை. கேட்காவிட்டால் மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது, பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியதுதான். "அக்கா, அன்னிக்கு எங்கப்பா பக்கத்துல உக்காந்து பாருங்க" என்றாள். "நான் இங்க என்ன செய்றேன்னு அவருக்குத் தெரியாது. நான் சொல்ல ஆரம்பிச்சா சண்டையில போய் முடியுது. நீங்க சொன்னா கேப்பாரு." என் பேச்சை என் தம்பியே கேட்பதில்லை என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை.

புதன்கிழமை முற்பகலில் போடியில் இறங்கினேன். ஊருக்குள் கால் வைத்ததும் ஏலக்காய் வாசனை. நமக்குத் தெரிந்த பாயச வாசனை இல்லை இது. மூட்டை மூட்டையாக அடுக்கிவைத்த பச்சைக் காரம், மூக்கு வழியாக ஏறி நெற்றியில் போய் உட்காரும். கௌமாரியின் அப்பா அனுப்பிய ஜீப்போடு வந்திருந்த டிரைவர் பாண்டி என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"சுருளி அண்ணே வீட்டுக்கு வந்த டீச்சரம்மா நீங்கதான?"

நான் டீச்சர் இல்லை என்றேன்.

"அப்ப டாக்டரா?"

"படிச்ச டாக்டர்தான். ஊசி போட மாட்டேன்."

"ஊசி போடாட்டி என்ன டாக்டரு? டீச்சரம்மாவே இருக்கட்டும்" என்று அவனே முடிவு செய்து வண்டியை எடுத்தான். என்ன ஆராய்ச்சி என்று கேட்டான். அணு என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான், பிரேக்கில் காலை வைத்துவிட்டான். "ஆத்தாடி! பொட்டிபுரம் பக்கம் போனா அந்தச் சொல்லை எடுத்துராதீக. நியூட்ரினோ ஆய்வுக்கு மலையைக் குடைய வந்த ஆளுன்னு ஜீப்பைச் சுத்திக்கிருவாக. பெறகு எஞ்சோலி கெட்டுப்போகும்." குடைய வரவில்லை, சாப்பிட வந்திருக்கிறேன் என்று சமாதானம் சொன்னேன்.

சொன்னது பொய்யில்லை. கௌமாரியின் அம்மா பேச்சியம்மாள் ராசிங்காபுரத்தில் பிறந்தவர், வயல்காட்டில் வளர்ந்த கை. நாட்டுக்கோழிக் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல், கெட்டித் தயிர், ஒரு தட்டு நிறையப் பன்னீர் திராட்சை. கொரியாவில் நான் சாப்பிடும் இடத்தில் எல்லாம் கிண்ணங்கள் நிறைய இருக்கும், பேச்சு இருக்காது. இங்கே இலையில் கை வைத்ததிலிருந்து எழும்வரை பேச்சியம்மாள் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். கல்யாணம் ஏன் செய்யவில்லை, சர்க்கரை இருக்கிறதா, சம்பளத்தை யாரிடம் கொடுக்கிறேன். நான்காவது கரண்டிக் குழம்பை இரண்டு கையாலும் மறித்தேன். மறித்த கையின் மேலேயே ஊற்றிவிட்டார்.

கௌமாரியின் அப்பா சுருளிவேல் ஏலக்காய் வியாபாரி. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் சின்னதாக ஒரு தோட்டமும் உண்டு. கட்டை குட்டையான மனிதர், உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. முன்னறையில் சுவரோரம் ஒரு புதுப் பெயர்ப்பலகை சாத்தியிருந்தது. மேலே சுற்றியிருந்த செய்தித்தாளை அவரே விலக்கிக் காட்டினார். பச்சைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து: கௌமாரி ஸ்பைசஸ்.

"மாசக் கடைசில வந்துருவாள்ல. வந்ததும் மாட்டணும். கம்ப்யூட்டரு, மேசை எல்லாம் வாங்கிப் போட்டாச்சு. இம்புட்டுப் படிச்ச புள்ள ஏலத்துல உக்காந்தா ஒரு பய நிக்க முடியாது" என்றார். முகம் பூரித்துப் போயிருந்தது. அவள் தோற்பாள் என்று இந்த மனிதர் பலகையே எழுதி வைத்துவிட்டாரே! எந்த முகத்தோடு இவருக்கு நான் எதை விளக்குவது?

சாயங்காலம்வரை பொறுக்காமல் அப்போதே என்னை ஏல மையத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். நான் கற்பனை செய்திருந்தது சத்தமும் சண்டையும். உள்ளே போனால் பரீட்சைக் கூடம்! வரிசை வரிசையாகக் கம்ப்யூட்டர், ஒவ்வொன்றின் முன்னும் ஒரு வியாபாரி. மாதிரிக் காயைத் தட்டில் கொட்டுகிறார்கள், முகர்கிறார்கள், ஒன்றைக் கடித்துத் துப்புகிறார்கள், விரல் பொத்தானுக்குப் போகிறது. பெரிய திரையில் விலை ஏறுகிறது. ஏற ஏற ஹாலில் ஒரு முனகல் எழும்பும். நின்றால் அமைதி, அடுத்த மூட்டைத் தொகுதி, அவர்கள் பாஷையில் லாட்டு. சுருளிவேல் என் காதருகே குனிந்து, "மேல போனா நமக்குச் சோறு. நின்னா அம்புட்டுத்தான், லாட்டு செத்துப்போச்சு" என்றார். தன் போனையும் காட்டினார். தினசரி விலையைக் கோடாகப் போட்டு யாரோ அனுப்புகிறார்கள். காலையில் பல் விளக்குவதற்கு முன்பு அந்தக் கோட்டைத்தான் பார்ப்பாராம்.

விஷயத்தைச் சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று திராட்சையைத் தின்றேன்.

வியாழக்கிழமை காலை மலையேறினோம். தோட்டத்தில் காய் உலர்த்த ஆள் பற்றவில்லை என்று சுருளிவேல் போக, எனக்குச் சமைத்துப் போட பேச்சியம்மாளும் கூட வந்தார். போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவு. எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். மூன்றாவது பலகையில் நான் வாந்தி எடுத்தேன், ஏழாவதில் மறுபடியும். பேச்சியம்மாள் எலுமிச்சம்பழத்தை என் மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டு, "வெளிநாட்டுல பிளேன்லயெல்லாம் போறவுக, நம்ம பாண்டி ஜீப்புக்குத் தாங்கலையே" என்று சிரித்தார். கோபம் வந்தது. ஆனால் வாயைத் திறந்து கோபப்படும் நிலையில் நான் இல்லை.

பதினொன்றாவது வளைவில் பாண்டி வண்டியை ஓரங்கட்டினான். இறங்கித் தலையைத் தூக்கிப் பார்த்தேன். என்ன சொல்ல! கீழே மொத்தப் பள்ளத்தாக்கும் விரிந்து கிடந்தது. கண்மாய்கள் வெயிலில் பளபளத்தன. போடி ஒரு கைப்பிடி அரிசியைச் சிதறினாற்போல் தெரிந்தது. மேலே பார்த்தால் பாறை, அதற்கும் மேலே மேகம் மலையிலிருந்து இறங்கிச் சாலையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. என்னையறியாமல் கைகூப்பிவிட்டேன். கொரியாவில் மலை குறுக்கே வந்தால் ஒரே துளையாகக் குடைந்து அந்தப் பக்கம் போய்விடுவார்கள். இங்கே மலையைச் சுற்றிச் சுற்றி, அதனிடம் கேட்டுக் கேட்டு ஏறுகிறோம்.

மேட்டைத் தாண்டியதும் குளிர். பெரிய மரங்களின் நிழலில் ஆள் உயரத்துக்கு மேல் ஏலச்செடி. காய் மேலே தொங்குமென்று அண்ணாந்து தேடினேன். பேச்சியம்மாள் என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். வேரடியில், மண்ணில் படர்ந்த கொத்தில், தரையோடு தரையாகக் காய்த்துக் கிடந்தது. பெண்கள் குத்தவைத்து நகர்ந்து நகர்ந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி என்னைப் பார்த்து இன்னொருத்தியிடம் மலையாளத்தில் ஏதோ சொல்ல, இருவரும் குலுங்கிச் சிரித்தார்கள். என்னவென்று கேட்டேன். "அந்தச் சேச்சி இந்த மாதிரி பாண்ட் போட்டுக்கிட்டு உக்காந்தா எப்படி எந்திரிப்பாங்கன்னு கேக்குறா" என்று பேச்சியம்மாள் மொழிபெயர்த்தார். கேட்டது சரிதான். எழ எனக்கு இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

காய் உலர்த்தும் கட்டடத்தை அங்கே ஸ்டோர் என்கிறார்கள். அன்று மத்தியானம் அதன் வாசலில் கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிட்டுவிட்டு, இனியும் தள்ளிப்போட முடியாது என்று விளக்கத்தை ஆரம்பித்தேன். பேச்சியம்மாள் எதிரே உட்கார்ந்தார். சுருளிவேல் உள்ளுக்கும் வெளிக்குமாகத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்.

"அது அம்புட்டுச் சூடுங்கிறீகளே, எதுல வச்சிருக்கீக? எது வச்சாலும் உருகிராது?" என்று பேச்சியம்மாள் கேட்டார். இருபது வருஷத்தில் மந்திரிகள்கூட என்னிடம் இவ்வளவு நேரான கேள்வி கேட்டதில்லை.

"எதுலயும் வைக்கலம்மா. காந்தத்தாலயே ஒரு கூண்டு. கண்ணுக்குத் தெரியாது. நல்லா அடைச்சு வச்சா உள்ள அழுத்தம் ஏறும், ஏற ஏற நமக்கு நல்லது. ஆனா ஓரத்துல தாங்காம உடைச்சுக்கிட்டு வெளிய தெறிக்கும். ஒரு விநாடிக்குள்ள பல தடவை. இப்ப இருக்கிற மெஷின் அதைத் தாங்கிக்கும். நாளைக்குப் பெரிசாக் கட்டும்போது சுவரு தாங்காது." ஒரு சாக்கை விரித்துக் கரித்துண்டால் கோடு கிழித்துக் காட்டினேன். "திரையில இப்படி ஒரு கோடு ஓடும். ஓரம் வெடிக்கும்போதெல்லாம் கோடு மேல குதிக்கும்."

தட்டோடு தாண்டிப்போன சுருளிவேல் குனிந்து பார்த்தார். "கோடு மேல குதிக்குமா? நல்லது, நல்லது" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டார். மிச்சத்தை அவர் கேட்கவில்லை. கேட்கவில்லையே என்று எனக்கும் உறைக்கவில்லை. எனக்குக் கேட்க ஆள் கிடைத்துவிட்ட சந்தோஷம்.

"அதுக்கு எம்மக என்ன செய்றா?"

"கூண்டுல வேணும்னே ஒரு சின்ன நெளிசல் உண்டாக்குறா. அது வழியாக் கொஞ்சம் கொஞ்சமாக் கசியும். கசிஞ்சா வெடிக்காது."

பேச்சியம்மாள் கரிக்கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். "அப்ப கண்மாய்க்கு மிச்சத் தண்ணி வழியக் கலிங்கு வைக்கிறாப்புல. கலிங்கு இல்லாட்டி மழைக்குக் கரை ஒடைஞ்சு ஊரே போயிரும்."

நான் அசந்து போனேன். எத்தனை கூட்டங்களில் எத்தனை படம் போட்டு விளக்கியிருக்கிறேன், இந்த ஒரு சொல் எனக்குத் தோன்றியதில்லை. "அதேதாம்மா! ஆனா கலிங்கைப் பெரிசா வெட்டிட்டா?"

"தண்ணி பூராம் ஓடிரும். வெள்ளாமைக்கு என்னத்த வைக்கிறது?"

"அதான் கஷ்டம். உங்க மக எழுதினது என்ன செய்யும்னா, மொதல்ல கொஞ்சம் பெரிசா நெளிச்சு வெடிக்கிறதை நிறுத்தும். நின்னதும் நெளிசலைக் குறைச்சுக்கிட்டே வரும். திரும்ப வெடிக்கப் பாத்தா உடனே கூட்டும். ஒரு தடவை அடங்கினதுக்குப் பெறகு அடக்கி வைக்கக் கொஞ்சமே போதும்."

பேச்சியம்மாள் சாக்கை மடித்தார். "அவ இங்க வந்தா எனக்கு நல்லாத்தான் இருக்கும். அதுக்காக எம்மக தோத்துட்டு வரக்கூடாது" என்றார். குரல் உடைந்துவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை. இந்திய நேரம் பதினொன்றுக்குச் சோதனை ஆரம்பம். அதற்குள் போடிக்கு இறங்கி வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் பார்ப்பது என்று திட்டம். உலர்ந்த காய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டியவர்கள் பத்துக்குத்தான் கிளம்பினோம். பதினொன்றாவது வளைவில் 'டப்' என்று ஒரு சத்தம். பின் சக்கரம் பஞ்சர். ஸ்டெப்னியை இறக்கிப் பார்த்தால் அதிலும் காற்று இல்லை.

"அன்னைக்கே ஒட்டணும்னு நெனச்சேன்" என்றான் பாண்டி.

"நெனச்சா ஒட்டிக்குமா?" என்று நான் கத்திய கத்தலில் சாலையோரக் குரங்குகள் மரமேறின. பாண்டி இரண்டு டயரையும் உருட்டி, வந்த ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு "வெரசா வர்றேன்" என்று கீழே போனான்.

ஒரே ஆறுதல், அந்த வளைவில் போனுக்கு நல்ல சிக்னல். என் போனை ஜீப்பின் பானெட்டில் தண்ணீர் பாட்டிலுக்கு முட்டுக்கொடுத்து நிறுத்தினேன். கட்டுப்பாட்டு அறையின் பெரிய திரை தெரிந்தது. ஓரத்தில் சின்னக் கட்டத்தில் கௌமாரியின் முகம். நாங்கள் அவளைப் பார்ப்பதுபோல் அவளும் எங்களைப் பார்க்கலாம். அங்கே மற்றவர்கள் வேலை செய்வதால் ஒலியை மட்டும் அணைத்து வைத்திருந்தாள். கையை ஆட்டினாள். பேச்சியம்மாள் போனுக்கு நெட்டி முறித்தார். அந்த நேரம் பார்த்து, ஏலத்துக்காக மேலேயிருந்து இறங்கிக்கொண்டிருந்த இரண்டு வியாபாரிகள் பைக்கை நிறுத்தி, "என்ன அண்ணே, இங்க நிக்கிறீக?" என்று சேர்ந்துகொண்டார்கள். "எம்மக டி.வி.ல வர்றா" என்றார் சுருளிவேல்.

திரையின் ஒரு பக்கம் பாத்திரத்தின் உட்புறம், கும்மிருட்டு. திடீரென்று விளிம்பில் இளஞ்சிவப்பாக ஒரு ஒளி பூத்து வளையமாக நின்றது. பத்துக் கோடி டிகிரி! நடுவில் ஒன்றுமே தெரியாது. அவ்வளவு சூடு நம் கண்ணுக்கு வெளிச்சமே தருவதில்லை, கொஞ்சம் குளிர்ந்த ஓரம் மட்டும்தான் தெரியும். பேச்சியம்மாள் மூச்சை இழுத்தார். சூரியனிடமிருந்து பிடுங்கிய ஒரு துண்டை ஜீப் பானெட்டின் மேல் வைத்து நாங்கள் ஐந்து பேர் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மனுஷப் பிறவி எடுத்ததற்கு வேறென்ன வேண்டும்?

கீழே கோடு ஓட ஆரம்பித்தது. என் கருவியின் கோடு. சில விநாடியில் அது குதித்தது. குதித்தது, மறுபடி குதித்தது, நெருக்கமாக, உயரமாக. நிரல் வேலை செய்யவில்லை. ஓரம் வெடித்துக்கொண்டே இருந்தது.

"ஏறுது, ஏறுது!" சுருளிவேல் கத்தினார். "அடிச்சுத் தூக்கு ஆத்தா!" கையைத் தட்டினார். பக்கத்து வியாபாரிகளும் தட்டினார்கள். ஒருவர் விசிலே அடித்தார். கோடு உச்சிக்குத் தாவும்போதெல்லாம் மூன்று பேரும் குதித்தார்கள்.

நான் போனைப் பார்த்தேன். சின்னக் கட்டத்தில் கௌமாரி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோற்றுக்கொண்டிருக்கிறாள், அவளைப் பெற்றவர் கை தட்டுகிறார். அவள் முகம் எப்படி ஆனது என்பதை நான் எழுத விரும்பவில்லை. கட்டம் இருண்டது, கேமராவை அணைத்துவிட்டாள். ஒரு செய்தி வந்தது: "அக்கா, நான் தோக்குறது அவருக்கு அவ்ளோ சந்தோஷமா?"

என் கோபம் உலகப் பிரசித்தம். விருந்தாளி என்பது மறந்துவிட்டது. "உங்களுக்கு வெக்கமா இல்ல?" என்று நடுரோட்டில் அலறினேன். "பெத்த மகள் தோத்துட்டு நிக்கிறா, கையைத் தட்டுறீங்களே! பலகை மாட்டணும், அதானே? போங்க, போய் மாட்டுங்க!"

சுருளிவேல் தட்டிய கையைப் பிரிக்காமலே நின்றார். "என்ன தாயி சொல்றீக? ஏறுச்சுல்ல? வெலை ஏறுனா நல்லதுதான?"

எனக்கு ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு எல்லாம் ஓடியது. வாழ்நாள் முழுக்க ஏறும் கோட்டைப் பார்த்துச் சோறு தின்ற மனுஷர். சாக்குக் கோட்டைப் பார்த்து அவர் சொன்ன "நல்லது, நல்லது" இப்போதுதான் எனக்கு உறைத்தது. தப்பு அவர்மேல் பாதி, முழுசாகச் சொல்லாத என்மேல் பாதி. வியாபாரிகள் இருவரும் தங்கள் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

"அது வெலை இல்ல" என்றார் பேச்சியம்மாள். "கரை ஒடையுறது. ஒவ்வொரு குதியும் ஒரு ஒடைப்பு. கோடு படுக்கணும். படுத்தாத்தான் எம்மக செயிச்சா."

சுருளிவேல் அப்படியே பாராபெட் கல்லில் உட்கார்ந்தார். ஜீப்புக்கு வெளியே அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. போனை எடுத்து மகளுக்கு அடித்தார். எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். நான் செய்தி அனுப்பினேன்: "விலை ஏறுதுன்னு நெனச்சுட்டார்டி, பாவம்." அவள் பார்க்கவில்லை. "எம்புள்ள என்னைய என்னன்னு நெனச்சிருக்கும்" என்று அவர் கண்களைத் துடைத்தார். துடைத்தும் நிற்கவில்லை.

அடுத்த சோதனைக்கு இருபது நிமிஷம். அன்றைக்கு அவளுக்குக் கொடுத்திருந்தது இரண்டே வாய்ப்பு. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எதையும் மறைக்காமல் சொன்னேன். கோடு படுத்தால் மூன்று வருஷம் அவள் அங்கே. படுக்காவிட்டால் மாதக் கடைசியில் இங்கே. "புரியுது" என்றார். ஏலத்துக்கு நேரமாகியும் வியாபாரிகள் போகவில்லை.

மறுபடி அந்த இளஞ்சிவப்பு வளையம். கோடு ஓடியது. குதித்தது. பேச்சியம்மாள் என் மணிக்கட்டை இறுக்கினார். நெளிசலின் அளவைக் காட்டும் இன்னொரு கோடு மேலேறியது. ஏற ஏற முதல் கோட்டின் குதிகள் சின்னதாயின. புல்லளவாயின. படுத்துவிட்டன.

"படுத்துருச்சா?" என்றார் சுருளிவேல், கிசுகிசுப்பாக.

"இன்னும் நேரம் இருக்கு." நெளிசல் படிப்படியாக இறங்கத் தொடங்கியது. மிகக் குறைந்த இடத்துக்கு வந்ததும் கோட்டில் ஒரே ஒரு குதி. சுருளிவேல் எழுந்து பானெட்டில் இரண்டு கையையும் ஊன்றினார். "படு! படுத்துரு ஆத்தா, படு, எந்திரிக்காத!" கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். நெளிசல் ஒரு படி ஏறியது. கோடு படுத்தது. இருபது விநாடி. இருபத்தைந்து. அந்த மாபெரும் சூடு தன் கூண்டுக்குள் ஓரம் சிந்தாமல், தூங்குகிற குழந்தை மாதிரி நின்றது. முப்பது!

கட்டுப்பாட்டு அறையில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். இங்கே யாரும் கை தட்டவில்லை, பயம். பேச்சியம்மாள் மட்டும் என்னைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன். ஏன் மறைக்க வேண்டும்?

கொஞ்ச நேரத்தில் சுருளிவேலின் போன் அடித்தது. பதற்றத்தில் ஸ்பீக்கரை அமுக்கிவிட்டார்.

"அப்பா."

"ஆத்தா, நான் வெலை ஏறுதுன்னு நெனச்சுப்புட்டேன். சத்தியமா வெலைன்னுதான்..."

"அக்கா மெசேஜ இப்பத்தான் பாத்தேன்" என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாத குரல். "ரெண்டாவது தடவை கோடு படுத்துச்சுல்ல. அதுக்கு என்ன அர்த்தம்னு அக்கா சொன்னாங்களாப்பா? நான் இப்ப வரமாட்டேன்னு அர்த்தம்."

"தெரியும்த்தா" என்றார் சுருளிவேல். "தெரிஞ்சுதான் படு படுன்னு கத்துனேன்."



பாண்டி டயரோடு வந்து சேர்ந்து, கிளம்பும்போது பன்னிரண்டரை. முன் இருக்கையில் இருந்த சுருளிவேல் பத்தாவது வளைவில் திரும்பி என்னைப் பார்த்தார்.

"டீச்சரம்மா, எம்மக இருக்குற வீட்டுல சன்னலு இருக்கா?"

பின்னால் என் அருகில் இருந்த பேச்சியம்மாள் நிமிர்ந்தார். "ஆறு வருசத்துல இன்னைக்குத்தான் இதைக் கேக்குறீக."

"வந்துருவா, வந்துருவான்னே இருந்துட்டேன்" என்றார். "எந்தப் பக்கம் சன்னலு? வெயிலு வருமா? பனிக்குக் காலுல என்ன போடுவா? பக்கத்து வீட்டுல ஆரு இருக்காக?"

கிழக்குப் பக்கம் சன்னல், காலையில் நல்ல வெயில், பக்கத்து வீட்டில் ஒரு பாட்டு டீச்சரும் அவருடைய பூனையும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். வளைவுக்கு வளைவு அவர் கேட்டுக்கொண்டே வந்தார். அடிவாரம் வருவதற்குள் அவள் அரிசி வாங்கும் கடை வீட்டிலிருந்து எத்தனை நிமிஷ நடை என்பதுவரை கேட்டு வைத்துக்கொண்டார்.